எடை எங்கே போகிறது?

நவம்பர் பிறந்ததும் ஜொகூரின் கிழக்குக் கரையில் கடலின் குணம் மாறிவிடும். வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரை வீசும். மெர்சிங்கிலிருந்து தியோமான் தீவுக்குச் செல்லும் படகுப் பயணங்கள் குறையும். அலை உயரும் நாள்களில் நின்றும் போகும். மெர்சிங்கிலும் எண்டாவிலும் சிறு படகு வைத்திருப்போர் கரையில் இருக்கும் அந்த நாள்களை வீணாக்குவதில்லை. வலையைச் செப்பனிடுவது, படகின் அடிப்பகுதியைச் சுரண்டிச் சாயம் பூசுவது, இயந்திரத்தைக் கழற்றிப் பழுதுபார்ப்பது ஆகிய வேலைகளெல்லாம் அப்போதுதான் நடக்கும்.

முதல் இரண்டு வேலைகளுக்கும் பொறுமை போதும். மூன்றாவது வேலை அப்படியன்று. இயந்திரத்தை முதலில் படகிலிருந்து தூக்கியாக வேண்டும்.

ஓலே எவின்ருட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்தின் ஆற்றல் 1.5 குதிரைத்திறன்தான். எடை ஏறத்தாழ 28 கிலோகிராம். வலுவான ஒருவர் அதைத் தோளில் சுமந்து கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். இன்று ஆற்றில் மீன்பிடிப்பவர் பயன்படுத்தும் 15 குதிரைத்திறன் இயந்திரம் ஏறத்தாழ 40 கிலோகிராம் இருக்கும். கடலுக்குள் செல்லும் படகின் 60 குதிரைத்திறன் இயந்திரம் 110 கிலோகிராமைத் தொடும். 115 குதிரைத்திறன் என்றால் 170 கிலோகிராமுக்கும் மேல். பெரிய மரப்படகுகளின் வயிற்றுக்குள் பொருத்தப்படும் டீசல் இயந்திரங்களின் கதையே வேறு. அவை பல நூறு கிலோகிராமிலிருந்து ஒரு டன்னுக்கும் மேலாகச் செல்லும்.

வேலையிடப் பாதுகாப்பு வழிகாட்டிகள், ஓர் ஆண் இடுப்புயரத்தில் உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்கும் சுமைக்கே 25 கிலோகிராம் என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. கையை நீட்டித் தூக்கினாலோ, குனிந்து தூக்கினாலோ அந்த அளவு இன்னும் குறையும். படகின் பின்பலகையில் தொங்கும் இயந்திரத்தை உடலோடு ஒட்டிப் பிடிக்கவே முடியாது. கால்களுக்குக் கீழே தரையும் நிலையாக இருக்காது.

மெர்சிங் ஆற்றோரத்தில் படகு இயந்திரம் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். பட்டறைக்காரருக்குப் பள்ளி விடுமுறையில் உதவ வந்திருக்கிறான் அவருடைய அக்காள் மகன். நான்காம் படிவ மாணவன். இழுவண்டியில் ஏற்றிய படகு ஒன்று முற்றத்தில் நிற்கிறது. அதன் பின்னால் 60 குதிரைத்திறன் இயந்திரம்.

"நாலு பேர் பிடிச்சா தூக்கிடலாம் மாமா," என்கிறான் அவன்.

"தூக்கிடலாம் தம்பி. தூக்கின பிறகு, ஒருத்தன் கால் வழுக்கினா அந்த எடை எங்கே போகும்?"

மாமாவின் கேள்வி எளிமையானதுதான். ஆனால் தூக்குச் சட்டம் வாங்குவோரும் கட்டுவோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. எடை மறைந்து போவதில்லை. இயந்திரத்திலிருந்து புறப்பட்டுக் கொக்கி, வார், சங்கிலி, உத்தரம், கால்கள் என ஒவ்வொன்றாகக் கடந்து கடைசியில் தரையைச் சேர்கிறது. வழியில் ஏதேனும் ஒன்று தளர்ந்தால், மற்றவை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை.

வாகனப் பட்டறைகளில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இயந்திரத் தூக்கியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதை இரவல் வாங்கி வந்தால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். சிமெண்டுத் தரையில், தாழ்வான இடத்திலிருந்து சிறிய இயந்திரத்தைத் தூக்க அது நல்ல கருவிதான். ஆனால் அதன் கையைக் கவனிக்க வேண்டும். கை உள்ளே இழுக்கப்பட்ட நிலையில் 2 டன் தூக்கும் தூக்கி, கை முழுதும் நீண்ட நிலையில் அரை டன் அளவே தூக்கும். சுமை தாங்குமிடத்திலிருந்து விலக விலகத் திருப்புவிசை கூடிக்கொண்டே போவதே காரணம். மரப்படகின் நடுவயிற்றில் இருக்கும் டீசல் இயந்திரத்தைத் தூக்கக் கையை முழுதும் நீட்டியாக வேண்டும். அப்போதும் எட்டாமல் போகலாம். இழுவண்டியில் நிற்கும் படகுக்கோ உயரம் போதாது. அதன் சிறு சக்கரங்கள் மணலில் புதைந்துகொள்ளும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவேதான் படகு இயந்திர வேலைக்குப் பலரும் வேறு வடிவத்தை நாடுகிறார்கள். இரு பக்கமும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைப் போல விரிந்த கால்கள். அவற்றின் மேல் ஓர் உத்தரம். உத்தரத்தில் தொங்கும் சங்கிலிக் கப்பி. ஆயத்தச் சட்டமாகவும் இது கடைகளில் கிடைக்கிறது. இரும்பு வாங்கிப் பற்றவைத்தும் கட்டிக்கொள்ளலாம். கடையில் வாங்கும் சட்டத்தில் அது தாங்கும் எல்லை எழுதப்பட்டிருக்கும். கட்டிக்கொள்ளும் சட்டத்தில் அந்த எண்ணை யாராவது கணக்கிட்டாக வேண்டும். இந்த வேறுபாடு விலை வேறுபாட்டைவிடப் பெரியது.

முதலில் கப்பியைப் பார்க்கலாம். தோட்டப்புறக் கிணறுகளில் நீர் இறைத்த காலத்தைத் தாத்தா பாட்டிமார் நினைவுகூர்வதுண்டு. கிணற்றின் மேலே தொங்கிய ஒற்றைக் கப்பி, நீர் இறைப்பவரின் பளுவைக் குறைக்கவில்லை. 10 கிலோகிராம் வாளிக்கு 10 கிலோகிராம் அளவு இழுத்தே ஆக வேண்டும். மேல்நோக்கி இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி இழுக்க முடிந்தது, அவ்வளவே. இன்னொரு கப்பியை வாளியோடு நகரும்படி சேர்த்தால் கதை மாறும். சுமையை இரண்டு கயிறுகள் பகிர்ந்துகொள்வதால் இழுக்க வேண்டிய விசை பாதியாகும். ஆனால் வாளி ஒரு மீட்டர் உயர, கயிற்றை இரண்டு மீட்டர் இழுக்க வேண்டும்.

கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிஸ் பல கப்பிகளைச் சேர்த்துச் சுமை ஏற்றிய கப்பல் ஒன்றைத் தனியாளாக இழுத்துக் காட்டினார் என்று புளூட்டார்க் எழுதி வைத்துள்ளார். அது எவ்வளவு உண்மையோ, ஆனால் அதன் பின்னாலுள்ள கணக்கு உண்மை. கப்பிகள் கூடக் கூட விசை குறையும். இழுக்க வேண்டிய தூரம் கூடும்.

பட்டறைக்காரர்கள் 'செயின் புளோக்' என்று அழைக்கும் சங்கிலிக் கப்பி இதே கணக்கை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தாமஸ் ஆல்ட்ரிஜ் வெஸ்டன் என்பவர் உருவாக்கிய கப்பியை எடுத்துக்கொண்டால் அதன் நுட்பம் எளிதில் விளங்கும். ஒரே அச்சில் சற்றே வேறுபட்ட அளவில் இரண்டு சக்கரங்கள். பெரியதன் சுற்றளவு 50 சென்டிமீட்டர், சிறியதன் சுற்றளவு 48 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சங்கிலியை இழுத்து ஒரு சுற்றுச் சுற்றினால் பெரிய சக்கரம் 50 சென்டிமீட்டர் சங்கிலியை மேலே இழுக்கும். அதே வேளையில் சிறிய சக்கரம் 48 சென்டிமீட்டரைக் கீழே விடும். சுமை தொங்கும் வளைவு 2 சென்டிமீட்டர் சுருங்கும். அந்த வளைவு இரு பக்கமும் பகிரப்படுவதால் சுமை உயர்வது ஒரே ஒரு சென்டிமீட்டர். கை இழுத்ததோ 50 சென்டிமீட்டர். ஆகவே, உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 50 கிலோகிராம் சுமைக்கு ஒரு கிலோகிராம் அளவு இழுப்பே போதும். உராய்வு இருப்பதால் உண்மையில் அதைவிடக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும்.

இன்றைய சங்கிலிக் கப்பிகளில் பெரும்பாலும் பற்சக்கரங்களே அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றினுள் ஒரு தடையும் இருக்கிறது. கையை எடுத்துவிட்டால் சுமை அந்தரத்திலேயே நிற்கும். எதிர்ப்பக்கச் சங்கிலியை இழுத்தால்தான் இறங்கும். கைகளால் தூக்கும் நான்கு பேருக்கு இல்லாத வசதி இது. களைத்தால் நிறுத்தலாம்; யோசிக்கலாம்; வியர்வையைத் துடைத்துவிட்டு வரலாம்.

அடுத்தது, கப்பியையும் இயந்திரத்தையும் இணைக்கும் பகுதி. பெரிய புற இயந்திரங்கள் பலவற்றில் தூக்குவதற்கென்றே ஒரு வளையம் இருக்கும். அல்லது தனி வளையத்தைத் திருகி மாட்ட இடம் இருக்கும். அதை விட்டுவிட்டு மேல்மூடியைச் சுற்றிக் கயிறு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். மேல்மூடி மழைநீரையும் கடல்நீரையும் தடுப்பதற்காக அமைந்தது. 110 கிலோகிராமைத் தாங்குவதற்காக அன்று.

டீசல் இயந்திரத்துக்கு இரண்டு முனைகளிலும் வார் மாட்ட வேண்டியிருக்கும். இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு தவறு நேர்கிறது. இரண்டு வார்களும் செங்குத்தாகத் தொங்கினால் ஒவ்வொன்றும் பாதி எடையைத் தாங்கும். வார்கள் சாயச் சாய, ஒவ்வொன்றிலும் இழுவிசை கூடும். கிடைமட்டத்திலிருந்து 45 பாகையில் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு வாரும் எடையில் ஏறத்தாழ 71 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். 30 பாகைக்குச் சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு வாரும் இயந்திரத்தின் முழு எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்குகிறது. 600 கிலோகிராம் இயந்திரத்துக்கு 400 கிலோகிராம் தாங்கும் வார்கள் இரண்டு போதும் என்று கணக்குப் போட்டவர், அந்தச் சாய்வை மறந்திருந்தால் வார் அறுந்துபோகலாம். நீளமான வாரைப் பயன்படுத்திச் சாய்வைக் குறைப்பதுதான் எளிய வழி.

ஆனால் வார் நீண்டால் உத்தரமும் உயர வேண்டுமே! சட்டம் கட்டுவோர் பலர் தடுமாறும் இடம் இது. இழுவண்டியில் நிற்கும் படகில் இயந்திரத்தின் தலை ஏறத்தாழ ஆள் உயரத்தையும் தாண்டி இருக்கும். அதற்கு மேல் வாரின் நீளம். கப்பிப் பெட்டியின் நீளம். இயந்திரம் பின்பலகையைத் தாண்ட வேண்டிய உயரம். இவற்றையெல்லாம் கூட்டினால் உத்தரம் 3 மீட்டருக்கும் மேலே இருக்க வேண்டியிருக்கும். கப்பிப் பெட்டியும் இடம் பிடிக்கும் என்பதை மறந்து, சட்டத்தைக் கட்டி முடித்துவிட்டு, இயந்திரம் ஒரு சாண் உயரம் ஏறியதும் கொக்கி மேலே முட்டி நிற்பதைப் பார்த்துத் தலையைச் சொறிய நேரிடும்.

உத்தரத்தின் நீளமும் அகலமான படகைப் பார்த்து முடிவாவதே. சட்டத்தின் கால்கள் படகின் இரு பக்கமும் நிற்க வேண்டும். ஆகவே படகைவிட அகலமான இடைவெளி தேவை. "கூடுதலாகவே வைத்துவிடலாம், பின்னால் பெரிய படகு வந்தாலும் உதவும்" என்று நினைப்பது இயல்பு. உத்தரம் அந்த நினைப்புக்கு விலை கேட்கும். நடுவில் சுமை தொங்கும் உத்தரத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால் அதை வளைக்கும் திருப்புவிசை இரு மடங்காகும். வளைவோ எட்டு மடங்காகும். 2 மீட்டர் நீளத்தில் அரை சென்டிமீட்டர் தொய்ந்த அதே இரும்பு, 4 மீட்டர் நீளத்தில் 4 சென்டிமீட்டர் தொய்யும்.

இரும்பின் நிறையைக் கூட்டாமலேயே இதைச் சமாளிக்க முடியும். ஓர் அடிக்கோலைப் படுக்கையாக வைத்து அழுத்தினால் எளிதில் வளைகிறது. அதே அடிக்கோலை விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் வளைய மறுக்கிறது. பொருள் அதேதான், உயரம்தான் மாறியது. பொருளை நடுவில் குறைத்து மேலும் கீழும் குவித்த 'ஐ' வடிவ இரும்பு உத்தரம் இந்த உண்மையிலிருந்து பிறந்ததே. பாசிர் கூடாங்கில் கப்பல் கட்டும் தளத்துப் பாரந்தூக்கிகள் ஆனாலும், ஆற்றோரப் பட்டறையின் சட்டமானாலும் உத்தரம் கேட்கும் கணக்கு ஒன்றே.

சிலர் படகுத்துறையில் ஒற்றைத் தூணை நட்டு அதிலிருந்து ஒரு கையை நீட்டிக்கொள்வார்கள். இடம் மிச்சமாகும்; படகு அடியில் வந்து நிற்பதும் எளிது. ஆனால் ஒரே முனையில் பிடிக்கப்பட்ட உத்தரத்தின் நுனியில் சுமை தொங்கும்போது, இரு முனையும் தாங்கப்பட்ட அதே நீள உத்தரத்தைப்போல் நான்கு மடங்கு திருப்புவிசையும் பதினாறு மடங்கு வளைவும் உண்டாகும். அந்தத் திருப்புவிசை முழுவதையும் தூணின் அடியும் துறையின் பலகைகளும் தாங்க வேண்டும். பழைய மரத்துறையில் இதைச் செய்வது துறையையே பெயர்ப்பதற்கு வழி.

கால்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விரிந்த கால்கள் சுமையின்கீழ் மேலும் விரியப் பார்க்கும். மடிப்பு ஏணியின் நடுவே ஒரு சங்கிலியோ இரும்புத் தண்டோ இருப்பதற்குக் காரணம் அதுவே. சட்டத்தின் கால்களையும் அடியில் குறுக்குத் தண்டால் இணைக்க வேண்டும். உத்தரமும் காலும் சேரும் மூலையில் சாய்வுத் தண்டு ஒன்றும் தேவை. நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளை ஆணியால் இணைத்துச் சதுரமாக்கி ஒரு பக்கம் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் ஆன முக்கோணம் சாயாது. மூலைத் தண்டு அங்கே ஒரு முக்கோணத்தை உண்டாக்குகிறது.

கடைசியில் தரை. ஆற்றோரத்து மண் மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று மெர்சிங்வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 5 சென்டிமீட்டர் சதுரக் குழாய்க்கால் தரையைத் தொடும் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். அதன்கீழ் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் தடித்த பலகை வைத்தால் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர் ஆகும். மண்ணின்மீது அழுத்தம் முப்பத்தாறில் ஒரு பங்காகக் குறையும். நான்கு கால்களில் ஒன்று மட்டும் புதைந்தாலும் சட்டம் சாயும். சட்டம் சாய்ந்தால் தொங்கும் இயந்திரம் அந்தப் பக்கமே ஊசலாடும். ஊசலாடும் சுமை சட்டத்தை மேலும் சாய்க்கும். பெரும் விபத்துகள் இப்படி ஒரு பலகை இல்லாததால் தொடங்கக்கூடும்.

உப்புக்காற்றையும் விட்டுவிட முடியாது. சென்ற ஆண்டு உறுதியாக இருந்த சங்கிலி இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. துரு முதலில் பற்றுவது கண்ணுக்கு எட்டாத இடங்களில்தான்: சங்கிலிக் கண்ணிகள் ஒன்றையொன்று உரசும் உட்பகுதி, பற்றவைப்பின் ஓரம், மரையாணியின் கழுத்து. துத்தநாகம் பூசிய இரும்பு நெடுநாள் உழைக்கும். ஆனால் பூசிய பிறகு துளையிட்டால் அந்தத் துளையில் துரு தொடங்கும்.

சங்கிலிக் கப்பியில் 1 டன் என்று எழுதியிருக்கிறது. வாரில் 500 கிலோகிராம். சட்டத்தில் 750 கிலோகிராம். இந்த மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு தூக்கலாம்? விடை 500தான். வாருக்கு மேலே உள்ளவை எத்தனை டன் தாங்கினாலும் வார் அதைப் பொருட்படுத்தாது. அந்த எல்லைக்குள் பாதுகாப்பு மிகை முன்பே சேர்க்கப்பட்டிருக்கும். சங்கிலி வார்களுக்கு, அறுந்துபோகும் சுமையில் நான்கில் ஒரு பங்கையே எல்லையாகக் குறிப்பது வழக்கம். அதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நான்கு மடங்கு தூக்கலாமே" என்று நினைப்பவர் உண்டு. அந்த மூன்று பங்கும் திடீர்க் குலுக்கலுக்கும் தேய்மானத்துக்கும் கணக்கில் வராத பிழைக்கும் ஒதுக்கப்பட்டது. செலவழிக்க வைத்திருக்கும் சேமிப்பு அன்று.

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேலை கொடுப்பவரின் பொறுப்பைத் தெளிவாகக் கூறுகிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின், சிறு பட்டறைகள் உட்பட ஏறத்தாழ எல்லா வேலையிடங்களும் அதன்கீழ் வந்துவிட்டன. வீட்டு முற்றத்தில் சொந்த இயந்திரத்தைத் தூக்குபவரைத் தேடி அதிகாரி வரமாட்டார். ஆனால் இரும்பு அவருக்காகத் தனி விதி வைத்திருக்கவில்லை.

ஆற்றோரப் பட்டறைக்குத் திரும்பலாம். மாமா கணக்குப் பார்த்து, தேர்ந்த பற்றவைப்பாளரிடம் கொடுத்துச் சட்டத்தைக் கட்டிவிட்டார். முதல் நாளே இயந்திரத்தை மாட்டிவிடவில்லை. நீர் நிரப்பிய இரண்டு பீப்பாய்களை வாரில் கட்டித் தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி நிறுத்தினார். அந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் நீர்தான் சிந்தும். மருமகன் சுற்றி வந்து ஒவ்வொரு மூலையையும் பார்த்தான்.

"மாமா, இந்தக் கால் பலகை கொஞ்சம் இறங்கியிருக்கு."

"சரி, இறக்கு. பெரிய பலகையா மாத்துவோம்."

இழுவண்டியில் நிற்கும் படகிலிருந்து இயந்திரத்தைத் தூக்குவது ஒருவகை. ஆற்றில் மிதக்கும் படகிலிருந்து தூக்குவது வேறு. சங்கிலி எடையை ஏற்க ஏற்கப் படகின் பின்பகுதி நீரிலிருந்து மேலெழும்; ஆகவே கொக்கி நினைத்ததைவிட நெடுந்தூரம் ஏறினால்தான் இயந்திரம் பலகையை விட்டு விலகும். மெர்சிங் ஆற்றில் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்தே படகுகள் புறப்படும். தூக்கும் வேலையும் அதைப் பார்த்தே தொடங்க வேண்டும். இயந்திரத்தின் மரையாணிகளைக் கழற்றுவதற்கு முன்பே கொக்கியை இறுக்கி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், நீர் வற்றும்போது படகு கீழே இறங்கப் பார்க்கும். அப்போது சட்டத்தில் தொங்குவது இயந்திரம் மட்டும் அன்று, படகின் பின்பாதியும்தான்.

பழுதுபார்த்த இயந்திரம் மார்ச்சில் திரும்பவும் படகேறும். தூக்குவதைவிட இறக்குவதில்தான் அவசரம் அதிகம். கடல் திறந்துவிட்டது, உரிமையாளர் கரையில் காத்திருக்கிறார். மருமகன் சங்கிலியை இரு கையாலும் மாறி மாறி இழுக்கிறான். இயந்திரம் ஒவ்வொரு சென்டிமீட்டராக இறங்குகிறது. மாமா அதன் அடியில் கை வைக்கவில்லை. பக்கத்தில் நின்று, ஒரு கயிற்றால் அது திரும்பாமல் பிடித்துக்கொள்கிறார். பின்பலகையின் துளைகளும் இயந்திரத்தின் துளைகளும் நேருக்கு நேர் வந்ததும், "நிறுத்து" என்கிறார். நான்கு மரையாணிகளும் முழுதாக இறுகிய பிறகே கொக்கி கழற்றப்படுகிறது.